முறையிட முடியாத முதுமைக்கு யார் சாட்சி?

கடையில் திருட்டுப் போனால் வியாபாரி காவல் நிலையத்துக்குப் போகிறார். கூலி தராத முதலாளியை எதிர்த்துத் தொழிலாளி கொடி பிடிக்கிறார். ரேஷன் அரிசி நாறினால் தாய்மார்கள் தாலுகா அலுவலகத்தை முற்றுகையிடுகிறார்கள். காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்துவிடும் முதியவர் என்ன செய்வார்? தன்னைக் கட்டிலில் கட்டிப் போட்டவர் யார் என்று அவர் யாரிடம் சொல்வார்? சொன்னாலும் யார் நம்புவார்? "பெரியவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது" என்ற ஒற்றை வார்த்தையில் அவருடைய வழக்கு தள்ளுபடியாகிவிடும்.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கு ஆளான முதியோரின் நிலை இதுதான். இவர்களை வைத்துப் பராமரிக்கிறோம் என்று பலகை மாட்டியிருக்கும் இல்லங்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா? கேட்க நாதியற்றவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் யார்? இந்தக் கேள்வியைச் செங்கல்பட்டு மாவட்ட மக்கள் முன்னும், ஆட்சியாளர்கள் முன்னும், குறிப்பாக நம் சமுதாய இளைஞர்கள், வணிகர்கள் முன்னும் வைக்கிறோம்.

மூன்று ஊர்கள், ஒரே பாடம்

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அன்றைய ஒன்றுபட்ட காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் வட்டம் சாலவாக்கம் அருகே பாலேஸ்வரம் என்ற ஊர். அங்கிருந்த செயின்ட் ஜோசப் கருணை இல்லத்தின் வாகனத்தைப் பொதுமக்கள் வழிமறித்தார்கள். உள்ளே ஒரு பிணம் இருந்தது. அந்தப் பிணத்தோடு சேர்த்து உயிருள்ள ஒரு மூதாட்டியும் ஏற்றப்பட்டிருந்தார்! செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. வருவாய்த்துறை, சுகாதாரத்துறை, காவல்துறை, சமூக நலத்துறை என்று எல்லாத் துறைகளும் ஓடி வந்தன. இறந்தவர்களைச் சிமெண்ட் அறைகளில் அடக்கம் செய்த முறை கேள்விக்குள்ளானது. தங்கியிருந்த ஏறத்தாழ முந்நூறு பேர் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். குற்றச்சாட்டுகளை இல்ல நிர்வாகம் மறுத்தது. அந்த விவாதத்துக்குள் நாம் போகவில்லை. நம் கேள்வி வேறு. அந்த இல்லம் 2011-லிருந்து நடந்து வந்தது. ஒரு வாகனத்தை ஊர்மக்கள் நிறுத்திய பிறகுதானா இத்தனை துறைகளுக்கும் அப்படி ஓர் இல்லம் இருப்பது கண்ணில் பட்டது?

ஐந்தே ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூர். அங்கிருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தில் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாத முதியவர் ஒருவர் 2021 டிசம்பரில் சேர்க்கப்பட்டிருந்தார். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அவர். உறவினர் வெளிநாட்டில். பிறகு அவரைப் பார்க்கப் போனபோது, பெங்களூருவில் வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கே போனால் அங்கும் அவர் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே காவல்துறையும் அதிகாரிகளும் ஆசிரமத்துக்குள் நுழைந்தார்கள். முறையான உரிமம் இல்லை என்பது வெளிப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அடித்தல், கட்டி வைத்தல், பாலியல் கொடுமை என்று குற்றச்சாட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. நடத்தியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. தேசிய மனித உரிமை ஆணையமும் தானாக முன்வந்து கையில் எடுத்தது.

இந்த இரண்டையும் காட்டி ஒரு மதத்தாரின் சேவை நிறுவனங்கள் மீது சேற்றை வாரி இறைக்க அன்று சிலர் கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்தோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏனென்றால், மூன்றாவது ஊரின் பெயர் ஏர்வாடி!

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் விடியும் முன் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. காரணம், காலில் சங்கிலி. 28 உயிர்கள் கருகின. அவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். உச்சநீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. அங்கிருந்த அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. அந்தச் சங்கிலியைப் பூட்டியது மார்க்கம் அல்ல. கேட்பாரற்ற நிலைதான் பூட்டியது. கோயில் வாசலானாலும், தேவாலய வளாகமானாலும், தர்கா முற்றமானாலும், வெளியிலிருந்து ஒரு கண் பார்க்காத இடத்தில் கருணை கெட்டுப்போகிறது. மூன்று ஊர்களும் சொல்லும் பாடம் இந்த ஒன்றுதான்.

வயதானால் வரும் மறதி அல்ல

"அத்தாவுக்கு வயசாகிவிட்டது, அதான் மறதி" என்று நம் வீடுகளில் சொல்கிறோம். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது முதுமை. சாவி எதற்கு என்பதையே மறப்பது நோய். நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணத் தெரியாமல் போகிறது. ஐவேளை தொழுதவர் எத்தனை ரக்அத் என்று தடுமாறுகிறார். பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரம்மா?" என்கிறார். நடு இரவில் எழுந்து, இடித்துக் கட்டிவிட்ட பழைய வீட்டைத் தேடி நடக்கிறார். இது பிடிவாதமும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. மூளையின் அணுக்கள் அழிவதால் வருவது. அல்சைமர் இதன் பெரும் காரணம். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுப்பதால் வருவது இன்னொரு காரணம்.

இதிலே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தைராய்டு குறைவு, பி-12 சத்துக் குறைவு, கீழே விழுந்ததால் மண்டைக்குள் உறைந்த இரத்தம், மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்க விளைவு ஆகியவையும் மறதி நோய் போலவே காட்டும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. சோதனை செய்யாமலே "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, குணமாகக்கூடியவரையும் உயிரோடு அடக்கம் செய்வதற்குச் சமம்.

நோய் எங்கோ அமெரிக்காவில் இருப்பதாக எண்ண வேண்டாம். கிராமத்து இந்தியாவில் இந்த நோயை எண்ணிப் பார்த்த முன்னோடி ஆய்வுகளில் ஒன்று நம் திருப்போரூரில்தான் நடந்தது. சென்னை மருத்துவர்கள் அங்கே 60 வயதைக் கடந்த 750 பேரைச் சோதித்து, நூற்றுக்கு 3.5 பேருக்கு இந்த நோய் இருப்பதாக 1997-ல் வெளியிட்டார்கள். மாமல்லபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடைத்த கணக்கு அது! 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் என்கிறது. எண்ணிய முறைகள் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் நோய் நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அதிகம் என்பதை இந்தப் பெரிய ஆய்வு காட்டிவிட்டது. 2036-ல் ஒரு கோடியே 69 இலட்சமாகும் என்பதும் அதன் மதிப்பீடே.

இத்தனை பேரை யார் பார்த்துக்கொள்வது? பிள்ளைகள் துபாயில், சிங்கப்பூரில், சென்னையில். வீட்டில் இருப்பது மருமகள் ஒருத்தி. பகல் முழுதும் சமையல், பிள்ளைகள். இரவு முழுதும் மாமனாரின் காவல். அந்தப் பெண்ணின் முதுகு ஒடிந்த பிறகு குடும்பம் இல்லத்தைத் தேடுகிறது. அதைப் பாவம் என்று திட்டித் தீர்ப்பவர்கள் ஒரு வாரம் அந்த வீட்டில் தங்கிப் பார்க்கட்டும். இல்லத்தில் சேர்ப்பதே குற்றமல்ல. என்ன நடக்கிறது என்று பாராமல் சேர்ப்பதும், சேர்த்தபின் எட்டிப் பாராமல் இருப்பதும்தான் குற்றம்.

கடற்கரையின் இரண்டு முகங்கள்

முட்டுக்காட்டிலிருந்து கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கடல் காற்று வாங்கக் கட்டிய பங்களாக்கள், பணமுள்ள முதியோருக்கான குடியிருப்புகள். இன்னொரு பக்கம் வாடகைக் கட்டடத்தில் தகரக் கூரை போட்டு நடக்கும் காப்பகங்கள். பணம் வாங்கும் இடத்தில் வரவேற்பறை பளபளக்கும். இனாமாக வைத்துக்கொள்ளும் இடத்தில் நன்கொடைப் பெட்டி பளபளக்கும். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இரவு இரண்டு மணிக்குப் பெரியவர் எழுந்து நடந்தால் அவரைக் கைபிடித்து உட்கார வைக்க ஆள் இருக்கிறாரா, அல்லது கதவில் பூட்டு இருக்கிறதா?

இந்தக் கரையில் வழி தவறுவது சாதாரண விஷயமல்ல. கிழக்கே அலை. மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவே நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் கார்கள். அந்தப் பக்கம் செங்கல்பட்டு சந்திப்பு. ஏதோ ஒரு ரயிலில் ஏறிவிட்டால் விடியும்போது எந்த மாநிலத்தில் இறங்குவாரோ! அப்படிப் பெயர் சொல்லத் தெரியாமல் திரிபவரை "ஆதரவற்றவர்" என்று ஏதோ ஒரு வண்டி வந்து ஏற்றிப் போகிறது. வீட்டில் தேடுகிறார்கள். இல்லத்தில் அவருக்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் பேர் தெரியாதவரைக் கொண்டுவந்தால் எத்தனை மணி நேரத்தில் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும், புகைப்படத்தை எங்கே ஒட்ட வேண்டும் என்று கண்டிப்பான நடைமுறை இல்லாவிட்டால், மீட்பும் கடத்தலும் ஒன்றாகிவிடும்.

சட்டம் இருக்கிறது, சாட்டை இல்லை

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க வழி செய்கிறது. கோட்டாட்சியரின் தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, 150 ஏழை முதியோர் தங்கும் அளவில், அரசு அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்பதற்கும் "அமைக்க வேண்டும்" என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் நம் முதியோர் படுத்துக் கிடக்கிறார்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் கூர்மையானது. நினைவும் தன்னிலை உணர்வும் கடுமையாகப் பாதிக்கப்படுவதையும் அது தன் வரையறைக்குள் சேர்க்கிறது. அப்படிப்பட்டவர்களை வைத்துப் பராமரிக்கும் நிலையம் பதிவு பெற்றாக வேண்டும். சங்கிலியால் கட்டுவது அறவே கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. கூலியில்லாமல் வேலை வாங்கக் கூடாது. சுத்தமான இடம், மானம் மறைக்க உடை, தனிமைக்கு மரியாதை இவையெல்லாம் உரிமைகள். ஆனால் நடப்பது என்ன? "நாங்கள் முதியோர் இல்லம்தான், மனநோய் நிலையம் இல்லை" என்று ஒரு கதவைச் சாத்துகிறார்கள். "இங்கே இருப்பவர்கள் மனநலம் குன்றியவர்கள், எனவே உள்ளே பார்க்க முடியாது" என்று இன்னொரு கதவையும் சாத்துகிறார்கள். மறதி நோயாளி இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்கிறார்.

இந்த ஓட்டையை அடைக்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. முதியோர் இல்லங்கள் மட்டுமல்ல, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும் பதிவு பெற வேண்டும், குறைந்தபட்சத் தரம் காக்க வேண்டும் என்றது அது. ஐந்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது. 2024-ல் அந்த மக்களவையின் ஆயுள் முடிந்தது, மசோதாவின் ஆயுளும் முடிந்தது. தங்களுக்கு வேண்டிய மசோதாக்களை ஒரே நாளில் நிறைவேற்றத் தெரிந்தவர்களுக்கு, முதியோருக்கான மசோதாவுக்கு ஐந்தாண்டில் ஒரு நாள் கிடைக்கவில்லை!

தரம் என்றால் என்ன?

தரம் என்றதும் பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் நினைவுக்கு வர வேண்டாம். மறதி நோயாளிக்குத் தரம் என்பது மிகச் சாதாரணமான காரியங்கள். படுத்த படுக்கையாகிவிட்டால் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, இல்லையேல் முதுகில் புண் குழி விழும். தண்ணீர் கேட்கத் தெரியாதவருக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுப்பது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு உட்கார வைத்து மெதுவாக ஊட்டுவது. ஈரமான துணியோடு விடியும் வரை போட்டு வைக்காமல் இருப்பது. கழிப்பறைக் கதவில் பெரிய படம் ஒட்டுவது. மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் தொலையாமல் பார்ப்பது. ஆளை மாற்றிக்கொண்டே இராமல், பழகிய முகமே வந்து பராமரிப்பது.

இன்னொன்று, மொழி. நோய் முற்ற முற்ற, பிறகு கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழி கடைசிவரை தங்கும். வீட்டில் உருது பேசி வளர்ந்த மூதாட்டி தமிழை மறந்துவிடலாம். அவர் "பானி" என்று கேட்பது புரியாத பணியாளர், அவரை அழும் கிழவி என்று அதட்டுவார். எனவே சேர்க்கும்போதே அவர் பேசும் மொழி, உண்ணும் உணவு, வழிபாட்டுப் பழக்கம், இறந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், எப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஏட்டில் எழுதப்பட வேண்டும். இது எந்த மதத்தவருக்கும் பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியும் சங்கிலியைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. அது மாத்திரை. நடமாடுபவரை அடக்க, மனநோய்க்கான கடும் மருந்துகளைக் கொடுத்து நாள் முழுதும் தூங்க வைக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. இங்கிலாந்து அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்க பேராசிரியர் சுபே பானர்ஜி 2009-ல் கொடுத்த அறிக்கை, அந்நாட்டில் சுமார் 1,80,000 மறதி நோயாளிகளுக்கு இம்மருந்துகள் தரப்படுவதாகவும், அதனால் ஆண்டுக்குச் சுமார் 1,800 பேர் கூடுதலாக இறப்பதாகவும் கணக்கிட்டது. ஒவ்வோர் இல்லத்தையும் சோதித்து மதிப்பெண் போட்டு ஊரறிய வெளியிடும் ஆணையம் உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், சீட்டில்லாமல் மாத்திரை கிடைக்கும் நம் நாட்டில் எப்படி இருக்கும்? எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

மூடினால் முடிந்துவிடுமா?

"இத்தனை கண்டிப்புக் காட்டினால் ஏழை இல்லங்கள் மூடப்பட்டுவிடும். பிறகு இவர்கள் தெருவில்தான் கிடப்பார்கள்" என்று நல்லெண்ணம் கொண்ட சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஏர்வாடியிலும் பாலேஸ்வரத்திலும் குண்டலப்புலியூரிலும் அரசு செய்தது அதைத்தான். வருடக்கணக்கில் தூங்கியது. விழித்ததும் ஒரே நாளில் பூட்டியது. இடம் மாறினாலே குழம்பிப்போகும் நோயாளிகளை லாரிச் சரக்குபோல ஊர் மாற்றுவது மீட்பு ஆகாது.

எனவே தரத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கட்டுதல், அடித்தல், சீட்டில்லாத மயக்க மருந்து, பதிவேடு இல்லாமை, மரணத்தை மறைத்தல், இவற்றுக்கு ஒரு நாள்கூட அவகாசம் கூடாது. இடவசதி, கழிப்பறை, பயிற்சி பெற்ற ஆட்கள், இவற்றுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ தவணை தந்து, உதவித்தொகையும் தந்து உயர்த்த வேண்டும். உதவி தராமல் விதி மட்டும் போடும் அரசு ஏழையைத் தண்டிக்கிறது. விதி போடாமல் உதவி மட்டும் தரும் அரசு கொடியவனை வளர்க்கிறது.

அரசிடம் நாம் கேட்பது

ஒன்று: மாவட்டத்தில் உள்ள எல்லா இல்லங்களின் பட்டியலும், பதிவு எண், காலாவதித் தேதியோடு, ஆட்சியர் அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

இரண்டு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, இரவிலும் சோதனை. குழுவில் மருத்துவர், பெண் அதிகாரி, அரசு சாராத ஒருவர் இருக்க வேண்டும். அறிக்கை வாசலிலேயே ஒட்டப்பட வேண்டும்.

மூன்று: அடையாளம் தெரியாதவர் சேர்க்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் புகைப்படத்தோடு காவல் நிலையத்துக்குத் தகவல். வேறு இல்லத்துக்கு மாற்ற எழுத்து மூலமான அனுமதி. ஒவ்வொரு மரணத்துக்கும் மருத்துவச் சான்று. குண்டலப்புலியூரில் காணாமற்போனவர் விஷயத்தில் இந்த ஒரு விதி நடைமுறையில் இருந்திருந்தால் உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்திருக்காது.

நான்கு: செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நினைவாற்றல் சோதனைக்கென ஒரு நாள் ஒதுக்கி, அந்த நாளை ஊரறிய அறிவிக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியர்கள் சர்க்கரையோடும் இரத்த அழுத்தத்தோடும் நினைவையும் சோதிக்க வேண்டும். கிண்டியில் 2024-ல் 200 படுக்கைகளோடு திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையோடு இதை இணைக்க வேண்டும்.

ஐந்து: பராமரிப்பு ஊழியர்களுக்குப் பயிற்சியும் நியாயமான சம்பளமும். முட்டுக்காட்டிலேயே 2005-ல் அமைந்த மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது. இந்த மாவட்டத்துப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் அங்கே முதியோர் பராமரிப்புப் பயிற்சி தரட்டும். ஒரு ஆளின் தலையில் நாற்பது நோயாளிகளைக் கட்டிவிட்டு அன்பாக நடந்துகொள் என்று உபதேசம் செய்வதில் பயனில்லை.

ஆறு: காலாவதியான 2019 மசோதாவின் நல்ல பகுதிகளை மத்திய அரசு சட்டமாக்க வேண்டும். அதுவரை மாநில அரசு தன் அதிகாரத்திலேயே விதிகளைக் கடுமையாக்க வேண்டும். மறதி நோய்க்கென்றே ஸ்மிருதிபதம் என்ற திட்டத்தை அண்டை மாநிலமான கேரளம் 2014-லேயே தொடங்கியது. தமிழகம் பின்தங்கலாமா?

சமுதாயமே, உன் பங்கு என்ன?

அரசைக் கேட்டுவிட்டு நாம் கை கட்டி நிற்கலாகாது. வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் திருக்குர்ஆனின் நீண்ட வசனம், எழுதச் சொல்ல இயலாத பலவீனருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. வியாபாரப் பேச்சுக்கு நடுவே அறிவு தளர்ந்தவரின் உரிமை காக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் நடைமுறையில்? தடுமாறும் தகப்பனிடம் வெற்றுத்தாளில் கைரேகை வாங்கும் மகன்களும், பழைய பாக்கியை "அன்றே கொடுத்துவிட்டேனே பாய்" என்று ஏமாற்றும் வாடிக்கைகளும் உண்டா இல்லையா? கணக்கில் தடுமாற்றம் தெரிந்த உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தெளிவாக இருக்கும்போதே, தன் சிகிச்சையைப் பற்றிப் பேச யாரை நியமிக்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2017 சட்டம் அதற்கு இடம் தருகிறது. கடை, வங்கி, சொத்து விவகாரங்களை வாரிசுகள் அனைவருக்கும் தெரிய, வழக்கறிஞரைக் கலந்து ஒழுங்கு செய்யுங்கள்.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் தனியாக இருக்கும் முதியோர் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா? ஜமாஅத் ஏட்டில் நிக்காஹ் இருக்கிறது, மையித்து இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தடுமாறி நிற்பவரின் பெயர் இல்லை. அதை எழுதுங்கள். வழி தவறுபவரின் கையில் தொலைபேசி எண் பொறித்த வளையம் மாட்டுங்கள். வாரம் ஒரு மாலை அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். பக்கத்தில் உள்ள இல்லங்களுக்கு, அது யார் நடத்தும் இல்லமாக இருந்தாலும், போய்ப் பாருங்கள். சோறு போட்டுப் படம் எடுத்துவிட்டு வராதீர்கள். முதுகில் புண் இருக்கிறதா, இரவில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், பதிவுச் சான்று எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். காட்ட மறுத்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணுக்குச் சொல்லுங்கள். மனநல உதவிக்கு 14416 எண் இருக்கிறது.

முத்தவல்லிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வக்ஃபு கட்டடங்கள் பல, சொற்ப வாடகைக்குக் கடைகளாகக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது, எல்லாச் சமுதாய முதியோருக்கும், காலை முதல் மாலை வரை பார்த்துக்கொள்ளும் பகல்நேர நிலையமாக்க முடியாதா? மருமகள் மூச்சு விட வழி கிடைக்கும், பெரியவர் தன் வீட்டிலேயே இரவு தூங்குவார். ஆனால் ஒரு நிபந்தனை. நாம் நடத்தும் இல்லம் என்பதற்காக அதிகாரியை வாசலில் நிறுத்தக் கூடாது. முதல் பதிவுச் சான்று நம் சுவரில் தொங்கட்டும். முதல் சோதனைக்கு நம் கதவு திறக்கட்டும்.

செங்கல்பட்டுக்கு இது புதிய பாடமல்ல. ஒரு காலத்தில் தொழுநோயாளி என்றால் ஊரே கதவைச் சாத்தியது. அதே செங்கல்பட்டின் திருமணியில்தான் தொழுநோய்க்கான மத்திய அரசு நிறுவனம் 1955-ல் வந்தது. ஒளித்து வைத்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. மருந்தும் வந்தது, மரியாதையும் மெல்ல வந்தது. மறதி நோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இன்னும் இல்லை. அதனாலேயே மரியாதை முந்தி வர வேண்டும்.

அவர் நம்மை மறந்துவிட்டார் என்பது நாம் அவரை மறக்க உரிமம் ஆகாது. அவரால் சாட்சி சொல்ல முடியாது. சட்டம் சாட்சியாக நிற்கட்டும். பதிவேடு சாட்சியாக நிற்கட்டும். திறந்த கதவு சாட்சியாக நிற்கட்டும். இவற்றை நிற்க வைக்கும் பொறுப்பு ஆட்சியாளர்களுக்கு உண்டு, அவர்களை விடாமல் கேட்கும் பொறுப்பு நமக்கு உண்டு. நாலாவதாக ஓர் ஊரின் பெயர் இந்தப் பட்டியலில் சேரும் முன் அரசு விழிக்குமா?